வேலை போன வேட்டைக்காரன்

வடசென்னையில் சும்மா இருக்கிற நாய் என்று ஒன்று கிடையாது. காசிமேட்டு நாய்க்கு விடியற்காலை ஷிஃப்ட். போட் கரைக்கு வருவதற்குள் வந்து உட்கார்ந்து, முதல் கூடை இறங்கும்வரை கண் இமைக்காது. எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் யார்டு நாய்க்கு நைட் டியூட்டி. டிரெய்லர் டிரைவர் தூங்கினாலும் அது தூங்காது. ராயபுரத்தில் எங்கள் தெரு முனை நாய் இன்ஸ்பெக்டர் ரேங்க். தெருவுக்குள் நுழைகிற டூவீலரை எல்லாம் பத்தடி துரத்திப் போய், பரிசோதித்து, ‘சரி, போ’ என்று திரும்பி வரும். சம்பளம்தான் கம்மி. வேலைக்குக் குறைச்சல் இல்லை.

இப்படிப்பட்ட உழைக்கும் வர்க்கத்துக்கு நடுவே ஒரு வேலையில்லாப் பட்டதாரி வந்து சேர்ந்தான். கோம்பை நாய்.

கொண்டு வந்தவர் என் நண்பர். லிங்கிச் செட்டித் தெரு கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் என்னோடு பில் ஆஃப் என்ட்ரி தட்டியவர். சொந்த ஊர் தேனி மாவட்டம், கோம்பைக்குப் பக்கம். குடியிருப்பு திருவொற்றியூர், மூணாவது மாடி, சிங்கிள் பெட்ரூம். “2020 ஆகஸ்ட்ல பிரதமரே ரேடியோல நம்ம ஊர் நாயைப் பத்திப் பேசியிருக்கார் சார்” என்றார். வாஸ்தவம்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லியே பேசினார். ஆனால் சிங்கிள் பெட்ரூமில் வைத்து வளர்க்கச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நண்பர் வைத்த பெயர் ராக்கி. செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் அடுப்புக்கரி பூசியது மாதிரி. பத்து மாசத்தில் ஒரு சோபா, இரண்டு கேஸ் டியூப், கீழ்வீட்டுக்காரரின் ஒரு செருப்பு (இடது) எல்லாம் காலி. லிஃப்ட் சத்தம் கேட்டால் குரைக்கும், கேட்காவிட்டால் ஏன் கேட்கவில்லை என்று குரைக்கும். அசோஸியேஷனில் தீர்மானம் போட்டார்கள்: ஒரு மாதத்துக்குள் நாயாவது போக வேண்டும், குடும்பமாவது போக வேண்டும். வீட்டம்மா நாய் பக்கம். நண்பர் யார் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை.

இந்தச் சமயத்தில் ஊரிலிருந்து நண்பரின் அப்பா வந்தார். எழுபதைத் தாண்டியவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாயைப் பார்த்தார். பிறகுதான் பேரனைப் பார்த்தார்.

“ராக்கியாமுல்ல ராக்கி. இவன் செவலைடா” என்றார். நாய் அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு காலை மூவரும் நாயோடு பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் நடந்தோம். கால்வாயைப் பற்றி வர்ணிக்கப் போவதில்லை, உங்களுக்கும் மூக்கு இருக்கிறது. அந்த ஓரத்தில் சிலர் பன்றி வளர்க்கிறார்கள். ஊர்ப்பன்றிதான், ஆனால் நல்ல கனத்த ஆண் பன்றி ஒன்று சேற்றிலிருந்து எழுந்து எதிரே வந்தது. நண்பர் கையில் சங்கிலி இருந்தது, சங்கிலி முனையில் நாய் இல்லை!

நான் கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். நடந்தது வேறு.

செவலை பாயவில்லை. சத்தமே போடாமல் ஓடிப்போய்ப் பன்றிக்கு முன்னால் நின்றது. பன்றியும் நின்றது. அதற்குப் பிறகுதான் குரைக்க ஆரம்பித்தது. வீட்டில் குரைக்கிற நாராசம் இல்லை. ஒரே தாளம், ஒரே சுருதி. மூன்றடி, நாலடி தூரம் விட்டு அரை வட்டமாக நகர்ந்துகொண்டே குரைத்தது. பன்றி தலையை ஆட்டிக்கொண்டு பாய்ந்தால் பின்னால் துள்ளும். பன்றி திரும்பி ஓடப் பார்த்தால் பின்னங்காலுக்குப் பக்கத்தில் போய் வாயைக் காட்டும். பன்றி மறுபடி திரும்பும். உடனே பழைய இடம், பழைய தாளம். நிறுத்தி வைத்திருந்த லாரி டயரில் முதுகை வைத்துக்கொண்டு பன்றி நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பன்றியையே பார்க்காத நாய் சார்! டிரெயினிங் கொடுத்தது யார்?

பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். பிறகு நாக்கை மடித்து ஒரு விசில். செவலை அரை மனசாகத் திரும்பி வந்தது.

அதற்குள் பன்றிக்காரம்மா வந்துவிட்டார். “இன்னா சார், பாத்தா ஆபீசர் கணக்கா கீறீங்க, நாயக் கட்டி வளக்கத் தெரியாதா? எம் பன்னி மேல ஒரு கீறல் கீது இருந்துது...” என்று ஆரம்பித்து, எங்கள் மூன்று தலைமுறையையும் விசாரித்துக்கொண்டே பன்றியைச் சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தார். நண்பர் பர்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் போகும் பன்றி, அந்தம்மாவுக்கு அதுதான் ஃபிக்ஸட் டெபாசிட்.

ஒரு கீறல் இல்லை.

“கடிக்கவே இல்லியா?” என்றார் நம்ப முடியாமல். செவலையை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல நாயா கீது.” பர்ஸ் திரும்பப் பாக்கெட்டுக்குள் போயிற்று.

டீக்கடையில் உட்கார்ந்ததும் நான் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். வேட்டைக்குச் சட்டம் வருவதற்கு முன்னால், அரை டிராயர் வயதில், பெரியவர்கள் பின்னாலேயே மலையடிவாரத்தில் அலைந்தவர் அவர்.

“ஐயா, அது ஏன் கடிக்கலை?”

“கடிச்சா நாய் செத்துப்போகும் தம்பி” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. “மொதல்ல பன்னியப் புரிஞ்சுக்கங்க. அப்புறந்தான் நாய்.”

புரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். காட்டில் வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோவைத் தாண்டும். வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு கோரைப்பல். கீழ்ப்பல்தான் கத்தி, மேல்பல் சாணைக்கல். வாயை மூடித் திறக்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று உரசித் தீட்டிக்கொண்டே இருக்கும். தாக்குவது கீழிருந்து மேலே, ஒரே வீச்சு. நாயின் வயிறும் தொடையும் கழுத்தும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. தோளிலோ தடித்த கவசம் மாதிரி ஒரு தோல். அங்கே கடித்தால் பல்லுக்குத்தான் சேதம்.

நான் பி.காம். எதைக் கேட்டாலும் இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்றுதான் மண்டைக்குள் எழுதிக்கொள்வேன். பன்றி வேட்டை நாயின் உடம்பும் அப்படி ஒரு பேரேடுதான். எந்த வரவும் செலவில்லாமல் வருவதில்லை. மூஞ்சி குட்டையாக இருந்தால் பிடி இறுகும், ஆனால் நம் வெயிலில் மூச்சு வாங்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு விட்டுத்தான் சூட்டை இறக்க வேண்டும். மூஞ்சி ரொம்ப நீளமானால் மூச்சு பிரமாதம், தாடையில் பலம் போய்விடும். கோம்பைக்கு இரண்டுக்கும் நடுவே. கால் நீளமானால் வேகம், ஆனால் புதருக்குள் நுழைய முடியாது. உடம்பு கனமானால் பலம், ஆனால் பன்றி வீசும்போது பின்னால் துள்ள நேரம் ஆகும். காது பெரிதாகத் தொங்கினால் முள்ளுக்கும் பன்றிக்கும் நல்ல பிடி. தோல் கொஞ்சம் தளர்வாக இருந்தால் பல் பட்டாலும் சதை தப்பிக்கும். ரோமம் குட்டையாக இருந்தால் முள் ஒட்டாது, குளிரில் நடுங்கும். (எண்ணூர்ப் பக்கம் குளிருக்குப் பயப்படத் தேவையில்லை.)

“எல்லாத்தையும் விட, தொண்டை தம்பி” என்றார் பெரியவர். மோப்பம் பிடித்து ஓடும்போதே குரைக்கிற நாய் வேட்டைக்கு உதவாதாம். பன்றி உஷாராகி அடுத்த மலைக்குப் போய்விடும். மூச்சு விடாமல் போய், கண்டுபிடித்து, நிறுத்தி, அதன் பிறகு குரைக்க வேண்டும். புதருக்குள் செவலையைக் கண்ணால் பார்க்க முடியாது, மண்ணோடு மண்ணாகக் கலந்துவிடும். குரல் வருகிற இடம்தான் பன்றி இருக்கிற இடம். ஓடுகிற பன்றிக்கு ஒரு குரல், நிற்கிற பன்றிக்கு ஒரு குரல். கேட்டுப் பழகியவனுக்கு அதுதான் தந்தி.

கடிக்கிறவன் யார் என்றால், அவன் வேறு ஆள். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இரண்டு டிபார்ட்மென்ட். குரைத்து நிறுத்துகிறவன் ஒருவன், பிடிக்கிறவன் ஒருவன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் பக்கம் இன்றைக்கும் சட்டப்படி நாய் விட்டுப் பன்றி பிடிக்கிறார்கள். அங்கே காட்டஹூலா என்று ஒரு புள்ளி போட்ட நாய் குரைக்கும் இலாகா. லூசியானா மாநிலம் 1979-ல் அதைத் தன் மாநில நாயாகவே அறிவித்தது. பிளாக் மவுத் கர் என்று இன்னொன்று. மஞ்சள் கலந்த செந்நிறம், கரி மூஞ்சி. போட்டோவைப் பார்த்தால் நம் செவலையின் பெரியப்பா பையன் என்று சத்தியம் செய்யலாம், ஆனால் சம்பந்தி உறவுகூடக் கிடையாது. ஒரே வேலை, அதனால் ஒரே மாதிரி உடம்பு. பிடிக்கும் இலாகாவுக்குப் புல்டாக் வகைகள். குரைக்கிறவன் வேலையை முடிக்கும்வரை இவனைச் சங்கிலியிலேயே வைத்திருப்பார்கள். கடைசி நிமிஷத்தில் விடுவார்கள், நேராகப் போய்க் காதைப் பிடிப்பான். காதைப் பிடித்தால் பன்றி தலையை வீச முடியாது, தலையை வீசாவிட்டால் கத்தி வேலை செய்யாது. இவனுக்குக் கழுத்தில் அகலப் பட்டை, மார்பில் கவச ஜாக்கெட் எல்லாம் உண்டு.

அர்ஜென்டினாவில் டோகோ என்று ஒரு நாயை இதற்காகவே தயார் பண்ணினார்கள். 1920-களில் கோர்டோபா நகரத்து டாக்டர் அன்டோனியோ நோரஸ் மார்ட்டினெஸ் பத்து இனங்களைக் கலந்து உருவாக்கியது. முழு வெள்ளை. காட்டுக்குள் எது நாய், எது பன்றி என்று தெரிய வேண்டாமா? நம் ராஜபாளையமும் வெள்ளைதான். உயரம், நீளக்கால், ரோஸ் மூக்கு. ஜமீன் காலத்தில் பன்றி வேட்டைக்குப் போனதும், வயலுக்குக் காவல் இருந்ததும் அதுதான். 2005 ஜனவரி 9-ல் தபால்தலையிலும் ஏறிவிட்டது. ஆனால் அந்த வெள்ளைக்கும் பற்றுப் பக்கம் உண்டு. வெள்ளைத் தோலோடு காது கேளாமையும் சில குட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது.

அண்ணா நகர் பங்களாக்களில் குதிரைக்குட்டி சைஸில் நிற்குமே கிரேட் டேன், அதுவும் ஒரு காலத்தில் ஜெர்மனியில் பன்றி பிடித்த ஜாதிதான். அதன் காதை நறுக்கிவிடும் பழக்கமே பன்றி கிழிக்காமல் இருக்க வந்தது. பன்றி போய்விட்டது, நறுக்குவது மட்டும் ஃபேஷனாக ரொம்ப நாள் ஓடியது. ஆபீஸில் சில ரெஜிஸ்டர்கள் இப்படித்தான். எதற்கு என்று யாருக்கும் தெரியாது, தினமும் எழுதுவோம்.

நம் முன்னோர் நாயை நம்பிப் பன்றிமேல் போனார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் கணக்காக இருக்கிறார்கள். பன்றிக்கு ராத்திரியில் குழிக்குள் ஒளிந்து காத்திருப்பார்கள். அது சரிப்பட்டு வராவிட்டால் மறுநாள் பகலில் நாயைக் கூட்டிக்கொண்டு வலை கட்டி முயல் பிடிப்பார்கள். பெரிய புராணத்தில் திண்ணனார் வேட்டைக்கு நாய்களும் வலைகளும் போயின. வலையை அறுத்துக்கொண்டு ஒரு பன்றி ஓடிற்று. அதைத் துரத்தித்தான் அவர் காளத்தி மலைப் பக்கம் போனார். அன்றைக்குச் செவலை மாதிரி ஒருவன் அந்தப் பன்றியை நிறுத்தி வைத்திருந்தால் நமக்குக் கண்ணப்ப நாயனார் கிடைத்திருக்க மாட்டார். நாய் கோட்டை விட்டதிலும் ஒரு நன்மை!

கோட்டை விடாத நாய் ஒன்றின் கதை கர்நாடகத்தில் இருக்கிறது. நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் 949-ல் பெரிய சண்டை. ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒரு பக்கம், சோழ இளவரசன் ராஜாதித்தன் மறு பக்கம். ராஜாதித்தன் யானைமேலேயே மாண்டான். ஜெயித்த கட்சியில் மணலேரன் என்று ஒரு வீரன். அவன் வீரத்தைப் பார்த்து பூதுகன், ‘என்ன வேண்டும், கேள்’ என்றான். நாமாக இருந்தால் ஊர், பொன், இல்லாவிட்டால் குறைந்தபட்சம் இன்கிரிமென்ட். மணலேரன் கேட்டது பூதுகனின் வேட்டை நாயை. பெயர் காளி. வாங்கிக்கொண்டு போய் ஒரு மலைப்பக்கம் பெரிய பன்றி ஒன்றின்மேல் விட்டார்கள். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று சேர்ந்தே செத்தன. மண்டியா மாவட்டம் ஆதகூரில் கோயிலுக்கு முன்னால் அதற்குக் கல் நட்டு, பூஜைக்கு நிலமும் எழுதி வைத்தார்கள். கல் இப்போது பெங்களூர் மியூஸியத்தில் இருக்கிறது. நாயும் பன்றியும் மோதிக்கொள்கிற சிற்பம், சுற்றிலும் எழுத்து. தக்கோலச் சண்டையின் விவரம் சரித்திரத்துக்குக் கிடைத்ததே முக்கியமாக இந்த நாயின் தயவில்தான்.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். உருகுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சாகவிட்டுட்டு அப்புறம் கல்லு நட்டு என்ன தம்பி பிரயோசனம்?” என்றார். “வீரன் ஒரு மழைக்குத்தான் இருப்பான். தூரம் தெரிஞ்சவன் ஏழு வருசம் வேலை பாப்பான். எங்க ஐயா வச்சிருந்த நாய் ஒண்ணு, வயசாகித் திண்ணையில செத்துச்சு. அதுக்குக் கல்லெல்லாம் இல்ல.”

எனக்குப் பெரியவர் கட்சிதான் பிடித்தது. நாங்கள் எல்லாம் வயசாகித் திண்ணையில் போக ஆசைப்படுகிற ஆட்கள்.

ஆனால் இப்போது வேட்டை இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு சரி. 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது காட்டுப்பன்றியை இரண்டாம் அட்டவணைக்கு ஏற்றினார்கள். நாயை விட்டுப் பிடித்தாலும் குற்றம்தான். வரவேண்டிய சட்டம், வந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காட்டுக்குள் போய் வேடிக்கைக்குக் கொல்வதை நாயின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. மலையடிவார விவசாயிகள் பன்றித் தொல்லை தாங்காமல் கேட்டுக் கேட்டு, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறை சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு முடிவெடுத்தது. வேலை துப்பாக்கிக்குப் போயிற்று, நாய்க்கு அதிலும் இன்டர்வியூ வரவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதுசில்லை. துறைமுகத்தில் கன்டெய்னர் வந்ததும் மூட்டை தூக்கும் முதுகுகளுக்கு வேலை குறைந்தது. 2011-ல் நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரத்தில் ஜன்னல் கம்பியில் கரி படிந்தது குறைந்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தக் கரியை நம்பி இருந்தவர்களின் தோளும் கையும் அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்தன. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அந்தத் தோள்களை இன்றைக்கும் பார்க்கலாம். மூணாவது மாடியில் செவலை லிஃப்டைப் பார்த்துக் குரைக்கிறபோது எனக்கு அந்த பெஞ்ச்தான் ஞாபகம் வரும். சோபாவைக் கிழிக்கிறது என்று அசோஸியேஷன் எழுதினார்கள். எட்டு மணி நேர வேலைக்குச் செய்த உடம்பு, பதினெட்டு மணி நேரம் டைல்ஸ் தரையில் படுத்திருந்தால் வேறென்ன செய்யும்?

சினிமாவில் பார்த்துவிட்டு, ஸ்டேட்டஸில் போட, ‘காவலுக்கு ஒரு கோம்பை’ என்று பதினைந்தாயிரம், இருபதாயிரம் எண்ணிக் கொடுக்கிற ஆபீஸ் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. குட்டி அழகாகத்தான் இருக்கும். அதனிடம் ஓடத் தோட்டம் எங்கே என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அதற்குப் பதில் சொல்லத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பெரியவர் தீர்ப்பு சொன்னார். “இவனை நான் கூட்டிட்டுப் போறேன்.”

வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நண்பர், “ஊர்ல மட்டும் வேட்டை இருக்காப்பா?” என்றார்.

“வேட்டை எதுக்குடா? மக்காச்சோளம் போட்டிருக்கேன். ராவுல பன்னி வருது. வரப்புல நின்னு இன்னைக்குக் கொலைச்ச மாதிரி கொலைச்சாப் போதும், கருதுல வாய வைக்காமத் திரும்பிப் போயிரும். பாதி வேலை இருக்குல்ல?”

பாதிச் சம்பளம்தானே என்று நான் கேட்க நினைத்து, கேட்கவில்லை.

சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூன் முதல் ரயில் விட்டிருக்கிறார்கள். நாய்க்கு கார்டு பெட்டியில் கூண்டு. டாக்டர் சர்ட்டிஃபிகேட் எல்லாம் வாங்கிக்கொண்டு நாங்கள் போனோம். பார்சல் ஆபீஸ் கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செவலையைப் பார்த்தார்.

“என்ன ஜாதி?”

“கோம்பை சார். காட்டுப்பன்றியை நிறுத்துகிற...” என்று நண்பர் ஆரம்பித்தார்.

“எடை சொல்லுங்க” என்றார் கிளார்க். சொன்னோம். சீட்டில் ‘நாய் – 1’ என்று எழுதி, கார்பனைச் சரி பண்ணி, கிழித்துக் கொடுத்தார். ஐந்தாம் பிளாட்பாரத்தில் எலி ஒன்று ஓடிற்று. செவலை சத்தம் போடாமல் எழுந்து நின்றான்.